நெடும்பயணத்துக்கு ஏற்ற சீட்: இன்டர்செப்டர் 650-இல் நீங்களே மாற்றும் முறை

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். திண்டிவனம் வரைக்கும் எல்லாச் சீட்டும் நல்ல சீட்டுதான். உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லத் தொடங்கும். இடப்பக்கம் ஒருக்களிப்போம், வலப்பக்கம் ஒருக்களிப்போம், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று பார்ப்போம். டேங்கில் பெட்ரோல் இருக்கும். உட்கார முடியாமல் வண்டியை ஓரங்கட்டுவோம்.

இதற்காக வண்டியோடு வரும் சீட்டைக் குறை சொல்ல மாட்டேன். 50 கிலோ எடையுள்ளவரும் 95 கிலோ எடையுள்ளவரும், கடைத்தெருவுக்குப் போகிறவரும் கன்னியாகுமரிக்குப் போகிறவரும் அமர்வதற்காகச் செய்யப்பட்ட பொதுவான சீட் அது. நாள் முழுவதும் வண்டியோட்டுகிறவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஒன்று வேண்டும்.

இங்கே ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 648 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி. சீட்டைக் கழற்ற ஸ்பேனர் கூடத் தேவையில்லை என்பதால் முதல்முறை கைவைப்பவருக்கு ஏற்றது. கழற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

வீட்டில் ஒரு மரப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் புட்டத்தின் அடியில் வையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். நம் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியவை அவைதான். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பலகைமேல் விரித்து, அதன்மேல் சில நிமிடங்கள் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் சீட்டில் நீங்கள் அமரும் இடம், அந்த அளவைவிட இருபுறமும் தாராளமாக அகன்றிருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் எடை எலும்பிலிருந்து வழுவித் தொடைச் சதைமேல் விழும், மரத்துப்போவது அப்போதுதான்.

அடுத்தது பஞ்சு. கடையில் எல்லோரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியதும் மனம் மயங்கிவிட்டது. முதல் நெடும்பயணத்தில் மூன்றாவது மணி நேரத்திலேயே அந்தப் பஞ்சு முழுவதுமாக அமுங்கி, அடியிலுள்ள தகடு எலும்பில் தட்டியது. மென்மையான பஞ்சு ஐந்து நிமிடத்துக்குச் சுகம். அடர்த்தியான பஞ்சு ஐந்து மணி நேரத்துக்குச் சுகம். ஆகவே விரலை நம்பாதீர்கள். முடிந்தால் ஏறி அமர்ந்து, காலைத் தரையில் ஊன்றாமல் பத்து நிமிடமாவது இருந்து பாருங்கள். அந்த நேரத்திலேயே அடித்தளம் உறைத்தால் அந்தச் சீட் வேண்டாம்.

ஜெல் வைத்த சீட் வாங்குகிறவர்கள் நம் ஊர் வெயிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நண்பகலில் திறந்தவெளியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால், கறுப்பு ரெக்ஸின் உறையின் கீழே அது நீண்ட நேரம் சுட்டுக்கொண்டிருக்கும்.

உயரத்தையும் கேளுங்கள். இந்த வண்டியின் சீட் உயரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். புதிய சீட் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடினாலும், அல்லது உயரம் கூடாமல் முன்பகுதி அகன்றாலும், தரையை எட்டும் கால் நுனிக்காலாகிவிடும். 200 கிலோவைத் தாண்டிய வண்டியைச் சரளைக்கல்லில் நுனிக்காலால் தாங்குவது கடினம். மறுபக்கம், கால் நீளமானவருக்கு அதே உயரம் முழங்காலை நீட்ட இடம் தரும்.

எங்கே வாங்குவது? ராயல் என்ஃபீல்டே துணைப்பொருளாக டூரிங் சீட், அதாவது நெடும்பயணச் சீட், விற்கிறது. வேறு நிறுவனங்களின் சீட்டுகளும் உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால் நேரில் தொட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லப்படும் சீட்டை நான் தொடுவதில்லை.

முதல் படி: பழைய சீட்டைக் கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள். எஞ்சினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும். இடப்பக்கப் பேனலைச் சாவியால் திறந்து எடுத்தால், உள்ளே சீட்டின் லாக்கோடு இணைந்த கேபிளின் இழுபிடி தெரியும். ஒரு கையால் சீட்டின் பின்பகுதியை லேசாக அமுக்கிக்கொண்டு, மறு கையால் பிடியை இழுங்கள். லாக் விடுபட்டதும் பின்பக்கத்தைத் தூக்கி, சீட்டைப் பின்னோக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். வரவில்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம். மீண்டும் அமுக்கி, மீண்டும் இழுங்கள்.

வேறு வண்டிகளில் முறை மாறும். ஹார்லி டேவிட்சனின் டூரிங் வண்டிகளில் பின்மட்கார்டின் மேலே ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சீட்டைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்

பழைய போர்வையொன்றை விரித்து, பழையதையும் புதியதையும் அருகருகே கவிழ்த்து வையுங்கள். மூன்று பொருள்களை ஒப்பிட வேண்டும். முன்பக்கம் டேங்குக்கு அடியில் நுழையும் நாக்கு. பின்பக்கம் லாக்கில் மாட்டும் கம்பி. இடையில் ஆங்காங்கே இருக்கும் புஷ்கள், அதாவது வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) போய் அமரும் சிறு ரப்பர் கட்டைகள். நாக்கும் கம்பியும் சீட்டை நகராமல் பிடித்து வைப்பவை மட்டுமே. நம் எடை இறங்க வேண்டியது புஷ்கள் வழியாக.

புதிய சீட்டோடு புஷ் வராமலும் இருக்கலாம். அப்படியானால் பழையதிலிருந்து கழற்றி அதே இடங்களில் பொருத்துங்கள். பழைய புஷ் தேய்ந்தோ வெடித்தோ இருந்தால் புதிது வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை. சீட் எடுத்த இடத்தில் ஒயர்கள் தெரியும். எந்த ஒயரும் புஷ் அமரும் இடத்தில் குறுக்கே கிடக்கக் கூடாது. அங்கே நசுங்கும் ஒயர் பல மாதம் கழித்து, மழையில், ஊர் பேர் தெரியாத இடத்தில் வேலையைக் காட்டும். சேர்ந்திருக்கும் மண்ணையும் இப்போதே துடைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பொருத்துதல்

நாக்கை முதலில் நுழையுங்கள். சீட்டின் பின்பகுதியைச் சற்றே உயர்த்திப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் நாக்கு தன் இடத்தில் போய்ச் சேரும். சேர்ந்ததா என்று அறிய, சீட்டின் முன்பகுதியை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், எழக் கூடாது. பிறகு பின்பகுதியை இரு கையாலும் அமுக்குங்கள். ‘டக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்டபின் பின்பகுதியையும் தூக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பக்கப் பேனலை இப்போது மூடாதீர்கள். இழுபிடியால் மூன்று முறை திறந்து மூன்று முறை பூட்டுங்கள். ஒருமுறை முரண்டு பிடித்தாலும் பின்பக்கக் கம்பி லாக்குக்கு நேராக இல்லை என்று பொருள். பேனல் திறந்திருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

நான்காம் படி: சாக்பீஸ் சோதனை

சீட்டை மறுபடி கழற்றி, ஒவ்வொரு புஷ்ஷின் முகத்திலும் சாக்பீஸ் தூளைத் தேயுங்கள். பூட்டுங்கள். ஏறி உட்காருங்கள், நெடும்பயணத்தில் பின்னால் அமரப்போகிறவரையும் உட்கார வையுங்கள். இறங்கிச் சீட்டைக் கழற்றினால் சட்டத்தில் வெள்ளைத் தடங்கள் இருக்கும். எத்தனை புஷ்ஷோ அத்தனை தடம் இருக்க வேண்டும்.

ஒரு தடம் குறைந்தால் அந்த மூலையில் சீட் அந்தரத்தில் நிற்கிறது. சாலைக் குழியில் வண்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடித்தகடு அங்கே வளையும். பிளாஸ்டிக் என்றால் நாளடைவில் விரிசல் விடும், ஃபைபர் என்றால் வெடிக்கும். புஷ் அடியில் ரப்பர் வாஷர் ஒன்றைக் கொடுத்து உயரத்தைச் சரிசெய்து, மறுபடி தூள் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாஷர் தேவைப்படும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது. நான் மாட்டிய இரண்டாவது சீட்டில் வலப்பக்கப் பின்மூலையில் தடம் விழவில்லை. ஒரு வாஷரில் சரியாகிவிட்டது. அந்தச் சோதனை செய்யாமல் கிளம்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பக்கவாட்டில் மாட்டும் பயணப்பைகள் இருந்தால், அவற்றின் பட்டைகளைச் சீட்டுக்கு அடியில் விட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். தடிமனான பட்டை சீட்டைத் தூக்கிவிடும். லாக் பாதிதான் விழும்.

பின்னால் அமர்பவர்

என் மனைவிதான் எனக்கு இதைச் சொன்னார்: “உங்களுக்கு வலி போய்விட்டது, எனக்குப் பிடிமானம் போய்விட்டது.” பின்சீட் உயர்ந்ததில் அவருக்குக் காற்று முகத்தில் அறைந்தது, பிடிக்கவும் வாகாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, பின்னால் அமர்பவர் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில்தான் அமர வேண்டும் என்கிறது. பிடிமானமும் கால்வைப்பும் விதிகளின்படி கட்டாயம். ஆகவே ஒற்றைச் சீட் மாட்டினால் யாரையும் ஏற்றக் கூடாது. இரட்டைச் சீட் வாங்கும்போது பின்னால் அமரப்போகிறவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

புதிய பஞ்சு முதலில் விறைப்பாக இருக்கும். முதல் வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள், பிறகு ஒருநாள் நூறு கிலோமீட்டர். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கை நோக்கிச் சறுக்கினால் சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது, முன்புஷ்களைப் பாருங்கள். முதல் மழைக்குப் பின் தையல் ஓரங்களைத் துணியால் அமுக்குங்கள். நீர் கசிந்தால் தையல் துளைகள் அடைபடவில்லை. சீட் தைக்கும் கடையில் உள்ளே ஒரு நெகிழி உறை போட்டுத் தருவார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் சாக்பீஸ் தூளோடு இன்னொரு முறை.

பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நெகிழிப் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பரணில், மேலே கனம் ஏற்றாமல் வையுங்கள். புதியது தையல் கடைக்குப் போகும் நாட்களில் வண்டி ஓட அதுதான் உதவும்.