சின்ன லேஅவுட்டுக்கு மலிவான இன்ஜின்: என் அனுபவம்

பெரம்பூரில் எங்கள் மாடி அறையில் மாடல் ரயில் ஓட்ட ஒரு மேஜைக்குத்தான் இடம். அதில் எச்.ஓ. தண்டவாளம், அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு (1:87) அளவு, போட்டாகிவிட்டது. இன்ஜின்தான் சிக்கல். புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் ஏறிவிடும்.

"ஓடாது" என்று சொல்லி விற்கும் பழைய இன்ஜின்களைத் தேட ஆரம்பித்தேன். அப்புறம்தான் வழி பிறந்தது. பிரிட்டனின் ஓ.ஓ. இன்ஜின்கள் 1:76 அளவு என்றாலும் எச்.ஓ.வின் அதே 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும். அதனால் ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் நிறுவனத்தின் நான்கு சக்கரக் குட்டி இன்ஜின்களும் கணக்கில் வந்தன. குறுகிய வளைவில் நீளமான இன்ஜின் தடுமாறும், இவை அழகாகத் திரும்பும். பேசின் பிரிட்ஜ் பக்கம் சின்ன இன்ஜின்கள் பெட்டிகளை இழுத்துத் தள்ளிச் சேர்க்கும் ஷன்டிங் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் குட்டிகள்மேல் தனிப் பிரியம்.

ஓடாத இன்ஜின் என்றால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகிக் கியரைப் பிடித்திருக்கலாம். சக்கர அழுக்கு மின்சாரத்தைத் தடுக்கலாம். நேரில் வாங்கினால் 9 வோல்ட் பேட்டரி வயரைச் சக்கரங்களில் வைத்துப் பார்ப்பேன். லேசாக முனகினாலே போதும், வாங்கிவிடுவேன். வீட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்டால் சக்கரங்களைத் துடைத்து, பழைய கிரீஸை வழித்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.

கியர் விரிசல் விட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள், மாற்று கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு இன்ஜினையும் டிஜிட்டல் முறையில் தனித்தனியாக இயக்க உதவும் டி.சி.சி. சிப்பும் தேவையில்லை. ஒரே இன்ஜின் ஓடும் மேஜைக்குச் சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலரே தாராளம்.