பிடிச்ச சீரிஸ்ல மொக்க எபிசோட் வந்தா எப்படி பாக்கணும்

ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ, லாஸ்ட் மாதிரி நீளமான சீரிஸ் ஒண்ணு பாத்துட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு எபிசோட் வரும், போன வாரம் அவ்ளோ நல்லா எடுத்த அதே ஆளுங்கதான் இத எடுத்தாங்களான்னு நம்பவே முடியாது. நிறைய பேர் அங்கயே சீரிஸ விட்டுடறாங்க. இன்னும் சில பேர் முன்னாடியே ஸ்கிப் லிஸ்ட் தேடி வச்சுக்கிட்டு ரேட்டிங் கம்மியா இருக்கிற எல்லாத்தையும் தாண்டிடறாங்க. ரெண்டுமே நஷ்டம்னுதான் நான் சொல்வேன். மொக்கையில பல வகை இருக்கு, இது எந்த வகைன்னு தெரிஞ்சிடுச்சுன்னா எத பாக்கலாம், எத விடலாம், எத எதோட சேத்து பாக்கணும்னு தானா புரிஞ்சிடும். கீழ நிறைய கதைய உடைச்சு சொல்லப் போறேன், ஸ்பாய்லர் வேணாம்னா அந்த சீரிஸ் பேர் வர்ற பாராவ மட்டும் விட்டுட்டு படிங்க.

முதல்ல கேக்க வேண்டியது, இத எடுக்க அவங்க கையில எவ்ளோ காசும் எத்தன நாளும் இருந்துச்சுன்னு. ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல ரெண்டாவது சீசனோட கடைசி எபிசோட் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே', 1989 ஜூலைல வந்துச்சு. கப்பல் அதிகாரி ரைக்கர் கால்ல ஒரு கொடியோட முள்ளு குத்தி கிருமி ஏறிடுது, அத கொல்றதுக்கு டாக்டர் புலாஸ்கி அவரோட பழைய ஞாபகங்கள தூண்டி விடறாங்க, அந்த ஞாபகம் எல்லாமே நாம ஏற்கனவே பாத்த எபிசோட் சீனுங்கதான். இதுக்கு கிளிப் ஷோன்னு பேரு. சீசன் ஃபினாலேல போய் இப்படி பண்ணுவாங்களான்னு கோவம் வரும். ஆனா பின்னாடி நடந்தத பாருங்க. 1988ல அமெரிக்க எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக் பல மாசம் நடந்ததால அந்த சீசனே லேட்டா ஆரம்பிச்சு 22 எபிசோடோட சுருங்கிடுச்சு. அதுக்குள்ள 'எலிமென்டரி, டியர் டேட்டா', 'க்யூ ஹூ'ன்னு ரெண்டு எபிசோட் பட்ஜெட்ட தாண்டி போயிருந்துச்சு. அந்த கணக்க நேர் பண்றதுக்காக மூணே நாள் ஷூட்டிங்ல முடிச்சதுதான் இந்த ஃபினாலே. இந்த மூணையும் டைரக்ட் பண்ணினது ஒரே ஆளு, ராப் போமன்.

அதனால இத தனியா பாக்காதீங்க. ஒரு சாயங்காலம் 'க்யூ ஹூ' போடுங்க, போர்க்ங்கிற பாதி மெஷின் வில்லன் கூட்டம் முதல் தடவையா வர்ற எபிசோட், அந்த பிரம்மாண்ட க்யூப் கப்பல், உள்ள வரிசையா நிக்கிற போர்க் ஆளுங்க, எல்லாத்தையும் நல்லா பாருங்க. அது முடிஞ்ச உடனே 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' போடுங்க, வேணும்னா பழைய சீன் வர்ற இடத்துல எல்லாம் ஓட்டி விட்டுடுங்க. ரெண்டாவதுல இல்லாத காசு எங்க போச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியும். எனக்கு கேட்டா போர்க்குக்காக ஒரு ஃபினாலேய கொடுத்தது நியாயமான வியாபாரம்தான். இன்னொண்ணு, அந்த காலத்துல ஒளிபரப்பு முடிஞ்சா முடிஞ்சதுதான், வீடியோ டேப்ல பதிஞ்சு வச்சவங்கள தவிர மத்தவங்க மறுஒளிபரப்புக்கு காத்திருக்கணும், அதனால கிளிப் ஷோவுக்கும் கொஞ்சம் மதிப்பு இருந்துச்சு. இப்ப எல்லா எபிசோடும் ஒரு கிளிக்ல கிடைக்கிறதால அந்த வெறுமை ரெண்டு மடங்கா தெரியுது.

இப்படி ஜோடி போட்டு பாக்கிறதுதான் நான் சொல்ற முக்கியமான வழி. அதே கை, அதே காசு, அதே கட்டுப்பாட்டுல வந்த ஒரு நல்ல எபிசோட தேடி பக்கத்துல வைக்கணும். 1968ல ஒரிஜினல் ஸ்டார் ட்ரெக்கோட மூணாவது சீசன் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்'னோட ஆரம்பிச்சுச்சு, ஒரு பொண்ணு வந்து கப்பல் அதிகாரி ஸ்பாக்கோட மூளைய திருடிட்டு போயிடறா, கப்பல் டாக்டர் மெக்காய் ரிமோட் வச்சு ஸ்பாக் உடம்ப நடக்க வைக்கிறாரு, கடைசில ஆபரேஷன் நடக்கும்போது ஸ்பாக்கே பேசி தன் மூளைய எப்படி மாட்டணும்னு சொல்லிக் கொடுக்கிறாரு. சேனல்காரங்க சீரிஸ வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு தள்ளி, பட்ஜெட்டையும் குறைச்சு, சீரிஸ உருவாக்கின ஜீன் ராடன்பெரியும் அன்றாட வேலையிலருந்து ஒதுங்கின நேரம் அது. எழுதினவர் பேர் லீ க்ரோனின்னு வரும், அது ஜீன் எல். கூனோட புனைபேர். இதே கூன்தான் 'தி டெவில் இன் தி டார்க்' எழுதினவர், 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி'ல கிளிங்கான்ங்கிற எதிரி இனத்த கொண்டு வந்தவரும் அவர்தான். அதுவும் மூளை திருட்டு ஒளிபரப்பான அடுத்த வாரமே வந்தது 'தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்', ஸ்பாக்குக்கும் எதிரி இனமான ரோமுலன்களோட கமாண்டருக்கும் நடுவுல நடக்கிற அருமையான ஆட்டம். முதல் எபிசோட பாத்துட்டு மூணாவது சீசனே வேணாம்னு மூடினவங்க எல்லாம் அத தவற விட்டுடறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

அடுத்த வகை, பெரிசா ஒண்ணு யோசிச்சு கை மீறி போனது. இதுக்கு ஸ்டார் ட்ரெக் வாயேஜர்ல 1996 ஜனவரில வந்த 'த்ரெஷோல்ட்'தான் சரியான உதாரணம். கப்பல் ஓட்டற டாம் பாரிஸ், எட்டவே முடியாதுன்னு சொல்ற வார்ப் 10ங்கிற எல்லையில்லாத வேகத்த தொடறாரு, ஒரே நேரத்துல பிரபஞ்சத்துல எல்லா இடத்துலயும் இருக்கிறாரு, அங்கருந்து திரும்பி வந்ததும் உடம்பு மாற ஆரம்பிக்குது, முடி கொட்டுது, நாக்கு கழண்டு விழுது. இது வரைக்கும் நல்ல திகில் கதை, நான் சத்தியமா சொல்றேன், பாரிஸா நடிச்ச ராபர்ட் டங்கன் மெக்நீல் நடிப்பும் மேக்கப்பும் மனச பதற வைக்கும், அந்த மேக்கப்புக்கு எம்மி விருதே கிடைச்சுச்சு. அதுக்கப்புறம் அவரு கேப்டன் ஜேன்வேய தூக்கிட்டு போயி, ரெண்டு பேரும் பல்லி மாதிரி ஜந்துவா மாறி, சதுப்பு நிலத்துல குட்டி போட்டு, அந்த குட்டிங்கள அங்கயே விட்டுட்டு கப்பலுக்கு வந்து பழையபடி மனுஷங்களா ஆயிடறாங்க. பரிணாமம்னா முன்கூட்டியே எழுதி வச்ச ஒரு பாதைன்னு நினைச்சு எழுதினதுதான் இதோட அடிப்படை கோளாறு. எழுதின ப்ரானன் பிராகாவே பின்னாடி இது படுமோசம்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா அதே சீசன்ல மார்ச் மாசம் வந்த 'டெட்லாக்' எழுதினதும் அவரேதான், கப்பலே ரெண்டா பிரியற கதை, மூச்சு விட விடாது. இத எப்படி பாக்கிறதுன்னா, பாரிஸ் மருத்துவ அறையில கிடக்கிற வரைக்கும் கவனமா பாருங்க, பாதி எபிசோட்ல நிறுத்திட்டு, மிச்சத்த எப்படி முடிச்சிருக்கலாம்னு கூட பாக்கிறவங்களோட பேசிட்டு அப்புறம் தொடருங்க. ஒரு கதை எந்த இடத்துல உடையுதுன்னு இதவிட தெளிவா காட்டற எபிசோட் எனக்கு தெரிஞ்சு இல்ல.

டாக்டர் ஹூ பாக்கிறவங்களுக்கு ரெண்டு ஜோடி சொல்றேன். 2006ல வந்த 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்', இதுல டாக்டரும் ரோஸும் கொஞ்ச நேரம்தான் வருவாங்க, ஏன்னா ஷூட்டிங் நாள் பத்தாம ஒரே நேரத்துல ரெண்டு எபிசோட் எடுக்க வேண்டியிருந்துச்சு. அதுல வர்ற அப்சார்பலாஃப்ங்கிற ராட்சசன் 'ப்ளூ பீட்டர்'ங்கிற பிரிட்டிஷ் குழந்தைங்க டிவி நிகழ்ச்சி நடத்தின போட்டியில ஒரு சின்ன பையன் வரைஞ்சு ஜெயிச்சது. நிறைய பேருக்கு இந்த எபிசோட் பிடிக்காது. ஆனா அடுத்த வருஷம் அதே நெருக்கடிக்காக, டாக்டர் அதிகமா வராம எழுதினதுதான் 'பிளிங்க்', ஹ்யூகோ விருது வாங்கின எபிசோட், அழுகிற தேவதை சிலைங்க வர்றது. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா, ஹீரோ இல்லாத கதைய யார் தலையில ஏத்தறோம்ங்கிறதுல எவ்ளோ இருக்குன்னு புரியும்.

இன்னொரு ஜோடி 1984. டாக்டரா நடிச்ச பீட்டர் டேவிசனோட கடைசி கதை 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி', அதுக்கு அடுத்ததே காலின் பேக்கரோட முதல் கதை 'தி ட்வின் டைலெமா'. 2009ல டாக்டர் ஹூ மேகசின் அப்ப வரைக்கும் வந்த 200 கதைக்கு வாசகர் ஓட்டு எடுத்துச்சு, முதல் இடம் ஆண்ட்ரோசானிக்கு, 200வது இடம் ட்வின் டைலெமாவுக்கு. அடுத்தடுத்து வந்த ரெண்டு கதை! டாக்டர் புது உடம்புக்கு மாறின கொஞ்ச நேரத்துலயே கூட பயணம் பண்ற பெரிங்கிற பொண்ணோட கழுத்த நெரிக்கிறாரு, அத பாத்த ஜனங்களுக்கு அவர் மேல நம்பிக்கை வர்றதுக்கு வேற கதையும் இல்ல, ஏன்னா அதுதான் அந்த சீசனோட கடைசி, அடுத்தது வர 1985 ஜனவரி ஆயிடுச்சு. நடிகர் மேல தப்பே இல்ல, அவர பிக் ஃபினிஷ் ஆடியோ நாடகங்கள்ல கேட்டு பாருங்க, அவ்ளோ நல்லா பண்ணியிருப்பாரு. அதனால இந்த கதைய பாத்துட்டு காலின் பேக்கர ஒதுக்கிடாதீங்க, உடனே 'வெஞ்சன்ஸ் ஆன் வாரோஸ்' போட்டுடுங்க.

சில எபிசோட் தானா மொக்கையா இருந்தாலும் சீரிஸுக்கு நல்லது பண்ணிட்டு போகும். லாஸ்ட் மூணாவது சீசன்ல 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்', ஜாக்கோட கையில பச்சை குத்தினது எப்படின்னு ஒரு முழு ஃபிளாஷ்பேக், யாரும் கேக்காத கேள்விக்கு பதில். கதை எப்ப முடியும்னு தெரியாம இழுத்துட்டே போனா இப்படித்தான் ஆகும்னு சீரிஸ எழுதி நடத்தின டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் க்யூஸும் சேனல்கிட்ட வாதாட இது கைகொடுத்துச்சு, 2007 மே மாசம் இன்னும் 48 எபிசோட், 2010ல முடிவுன்னு அறிவிச்சாங்க. ஒரு பெரிய சேனல் ஓடிட்டு இருக்கிற ஹிட் சீரிஸுக்கு மூணு வருஷம் முன்னாடியே முடிவு தேதி குறிச்சது அப்ப பெரிய விஷயம். இத தாண்டாதீங்க, தீவுல நடக்கிற பகுதிய பாருங்க, தாய்லாந்து ஃபிளாஷ்பேக்க வேணும்னா ஓட்டிக்கங்க.

படைச்சவங்களே என்ன சொல்றாங்கன்னு கேக்கறதும் நல்ல வழி. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா சீரிஸுக்கு அத எடுத்த ரொனால்ட் டி. மூர் எபிசோட் எபிசோடா பாட்காஸ்ட் போட்டிருந்தாரு, 'பிளாக் மார்க்கெட்' பத்தி பேசும்போது எங்கெங்க தப்பு பண்ணோம்னு அவரே பிரிச்சு சொல்றாரு. எழுதணும்னு ஆசை இருக்கிறவங்க எபிசோட விட அந்த பாட்காஸ்ட்ட கண்டிப்பா கேளுங்க.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் ரெண்டாவது சீசன் ஏழாவது எபிசோட் 'தி லாஸ்ட் சிஸ்டர்' வேற மாதிரி பிரச்சனை. ஆறாவது எபிசோட் லேப்ல உச்சகட்ட பதட்டத்துல முடியுது, அடுத்தது முழுசா, அபூர்வ சக்தி இருக்கிற லெவன்ங்கிற பொண்ணு சிகாகோ போயி, அக்கா மாதிரி இருக்கிற காளிங்கிற பொண்ண சந்திக்கிற கதை. எபிசோட விட அத வச்ச இடம்தான் தப்பு. இத முழுசா தாண்டினா லெவன் ஏன் வேற கோலத்துல திரும்பி வர்றான்னு எட்டாவதுல புரியாது. அஞ்சாவது முடிஞ்சதும் ஏழாவத பாத்துட்டு அப்புறம் ஆறு, எட்டுன்னு போகலாம், ஆறாவதோட பதட்டத்துல ஒரு துளி மட்டும் முன்னாடியே தெரிஞ்சிடும், பரவாயில்ல.

தாண்டியே ஆகணும்னு நான் சொல்றது ஒண்ணு உண்டு, நெக்ஸ்ட் ஜெனரேஷன் முதல் சீசன்ல 1987ல வந்த 'கோட் ஆஃப் ஆனர்'. ஒரு கிரகத்து ஆளுங்க எல்லாரும் கறுப்பினத்தவர், அவங்க தலைவன் டாஷா யார்ங்கிற பெண் அதிகாரிய கடத்திட்டு போறான், பழைய காலனிய கதைங்கள்ல வர்ற அதே அசிங்கமான பார்வை. இதுக்கு காசோ நாளோ காரணம் இல்ல. ரைக்கரா நடிச்ச ஜோனதன் ஃப்ரேக்ஸே இத இனவெறின்னு வெளிப்படையா திட்டியிருக்காரு. கதைக்கு இதனால எந்த நஷ்டமும் இல்ல, விட்டுடுங்க. புதுசா ஒருத்தர இந்த சீரிஸுக்கு கூட்டிட்டு வர்றீங்கன்னா முதல் சீசன்லருந்தே ஆரம்பிக்க வைக்காதீங்க, டேட்டாங்கிற ரோபோ அதிகாரிக்கு உரிமை இருக்கான்னு கோர்ட் நடக்கிற 'தி மெஷர் ஆஃப் எ மேன்' போட்டு காட்டுங்க, அப்புறம் அவங்களே பழசுக்கு திரும்புவாங்க.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன் பத்தி ஒரு டெக்னிக்கல் விஷயம் மட்டும். 2019ல வந்த 'தி லாங் நைட்'ல ஒண்ணுமே தெரியலன்னு எல்லாரும் திட்டினாங்க, 55 ராத்திரி கஷ்டப்பட்டு எடுத்தது. ரூம் லைட்ட முழுசா அணைங்க, பகல்ல பாக்காதீங்க, டிவில விவிட் மோட விட்டு சினிமா மோடுக்கு மாத்துங்க, தானா வெளிச்சம் குறைக்கிற சென்சார ஆஃப் பண்ணுங்க, மொபைல்ல மட்டும் பாத்துடாதீங்க, நெட் ஸ்பீட் கம்மியா இருந்தா இருட்டு எல்லாம் கட்டம் கட்டமா உடையும். அப்படி பாத்தா தோத்ராக்கி குதிரைப் படையோட வாள் நெருப்பு ஒவ்வொண்ணா அணையற சீன் இந்த சீரிஸ்லயே சிறந்த காட்சிகள்ல ஒண்ணு. கதை அவசரமா முடிஞ்சதுக்கு டிவி செட்டிங்ல மருந்து கிடையாது.

கடைசி எபிசோடே மொக்கையா போனாதான் ரொம்ப வலிக்கும், ஏன்னா அதுக்கப்புறம் ஆறுதலா ஒண்ணும் வராது. ஸ்டார் ட்ரெக் என்டர்பிரைஸ்க்கு அதான் நடந்துச்சு. 2005 மே 13 ஒரே ராத்திரில ரெண்டு எபிசோட் வந்துச்சு, முதல்ல 'டெர்ரா ப்ரைம்', அடுத்து 'தீஸ் ஆர் தி வாயேஜஸ்'. ரெண்டாவதுல நாலு சீசன் கூடவே வந்த கேப்டன் ஆர்ச்சர் குழுவோட முடிவ, நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல வர்ற ரைக்கரும் ட்ராயும் ஹோலோடெக்ங்கிற நிஜம் மாதிரி காட்சி காட்டற அறையில ஓட்டி பாக்கிற மாதிரி காட்டினாங்க, அந்த குழுவுல இருந்த ட்ரிப் சாவு கூட அதுக்குள்ள அடங்கிடுச்சு. நீங்க 'டெர்ரா ப்ரைம்' முடிஞ்சதும் நிறுத்திடுங்க, ஆர்ச்சர் பேசற அந்த பேச்சுதான் அந்த சீரிஸோட முடிவுன்னு வச்சுக்கங்க. மிச்சம் இருக்கிற ஒண்ண, நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஏழாவது சீசன்ல 'தி பெகாசஸ்' வர்ற அன்னைக்கு அதுக்கு பின்னாடி போட்டு பாருங்க, ரைக்கரோட குழப்பம் அந்த கதையிலருந்துதான் வருது, அங்க வச்சு பாத்தா அது ரைக்கரோட கதையா ஓரளவு நிக்கும்.