ஆதார் நகலை அனுப்பிவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள்

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் அறை எடுக்க அடையாளச் சான்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் 12 இலக்கமும் தெரிகிற ஆதாரை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பிரின்ட் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறோமே, அதுதான் முதல் தவறு. கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் மார்க்‌ஷீட் என்று ஊரே கிடக்கும். ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினால் சாட்டில் இருப்பதுதான் போகும், கம்ப்யூட்டரில் இறங்கிய ஃபைல் போகாது. பிரின்ட் வந்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின் உட்பட.

அதைவிட நல்லது, ஆதாரை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ. ஆணையத்தின் தளத்தில் மாஸ்க்டு ஆதாரை இறக்கி வைத்துக்கொள்வது. கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும். நகலின் குறுக்கே ‘அறை எடுக்க மட்டும்’ என்று எழுதித் தேதி போடுங்கள். இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வருபவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது. பக்கத்தில் நிற்கிற நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜவுளிக் கடை பில் கவுன்டரில் போன் நம்பர் கேட்டதும் ஒப்பிக்கிறோம். பொருள் விற்க நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. ‘வேண்டாம்’ என்றால் போதும்.

அவசரத்துக்குக் கடன் ஆப் இறக்கும்போது கான்டாக்ட்ஸ், கேலரி என்று கேட்பதற்கெல்லாம் ‘அலவ்’ கொடுப்பது இன்னும் ஆபத்து. தவணை தவறினால் உங்கள் மாமனாருக்கும் முதலாளிக்கும் போன் போவது இந்த வழியில்தான். கடன் ஆப்கள் கான்டாக்ட் லிஸ்ட்டையும் ஃபைல்களையும் தொடக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கேட்கிற ஆப்பை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் நம் விவரமும் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. போனில்தான் போகும், கம்பெனி சர்வரில் அப்படியே இருக்கும். முதலில் செட்டிங்ஸில் அக்கவுன்ட்டை டெலிட் செய்துவிட்டு, பிறகு ஆப்பை எடுங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களை அழிக்கக் கேட்கும் உரிமைக்கு வழி செய்கிறது. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடமுண்டு.

ஏற்கெனவே பல இடத்தில் நகல் கொடுத்திருந்தால், ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் ‘என்னுடையதல்ல’ என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.