பைக்குக்கு எந்த ஆயில்? பிராண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஸ்ப்ளெண்டருக்கு ஒரு ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டால், 20டபிள்யூ-40 டப்பா கைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் ஸ்ப்ளெண்டருக்கு ஹீரோ சொல்வது 10டபிள்யூ-30. ஆக்டிவாவுக்கு ஹோண்டா சொல்வதும் அதேதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 15டபிள்யூ-50. பழைய யமஹா எஃப்இசட் என்றால் 20டபிள்யூ-40. உங்கள் வண்டிக்கு உரிய எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. கடைக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் சொல்வது ஆயிலின் கெட்டித்தன்மையை. டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால், ஆயில் குளிரிலும் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. கெட்டித்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்பது மெக்கானிக் ஷெட்டுகளில் நிலைத்துப்போன பேச்சு. அது ஏன் சரியில்லை என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆயில் வேலை செய்வது தெருவின் சூட்டில் அல்ல, 100 டிகிரியை ஒட்டிய இன்ஜின் சூட்டில். அந்தச் சூட்டில் 10 சென்டிஸ்டோக் சொச்சமாக இருக்கும் 10டபிள்யூ-30 ஆயில், 40 டிகிரிக்கு இறங்கும்போது ஆறேழு மடங்கு கெட்டியாகிவிடும். அதாவது காலையில் செல்ஃப் அடிக்கும்போது, சித்திரை மாத மதுரையிலும் ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த முதல் சில நிமிடங்களில் நடக்கிறது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம், ராக்கர் ஆர்ம் வரைக்கும் ஆயில் ஏறச் சுணங்கினால் உலோகம் உலோகத்தோடு உரசும். மேலும், ஸ்ப்ளெண்டரை வடிவமைத்து விற்பவர்களுக்கு இந்திய வெயில் புதிதல்ல. அதைக் கணக்கில் வைத்துத்தான் 10டபிள்யூ-30 என்று எழுதியிருக்கிறார்கள்.

கெட்டி ஆயில் ஊற்றியதும் டேப்பெட் சத்தம், அதாவது வால்வுப் பக்கத்து இடைவெளியால் வரும் டக்டக் சத்தம், கொஞ்சம் அமுங்கும். உடனே "ஆயில் சூப்பர்" என்று தோன்றும். சத்தம் அடங்கியதே தவிர, டேப்பெட் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. பிக்கப் மந்தமாகும், மைலேஜும் குறையும். நிறைய ஓடி ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு ஒரு படி மேலே, 10டபிள்யூ-40 போடுவது ஏற்கக்கூடிய ஏற்பாடு. ஆனால் வெள்ளை கலந்த நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோதான் பார்க்க வேண்டும்.

அடுத்து டப்பாவின் பின்பக்கம். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தரக் குறியீடு) என்ற எழுத்துகளை அடுத்து எஸ்ஜே, எஸ்எல், எஸ்என், எஸ்பி என்று ஏதாவது இருக்கும். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப்போகப் போக, தரநிலை புதியது: எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். மேனுவல் எஸ்எல் என்று சொன்னால் எஸ்என் போடலாம். எஸ்ஜேக்கு இறங்க வேண்டாம்.

பைக்காரர்கள் தவறவே விடக்கூடாதது ஜாசோ என்ற ஜப்பானியத் தரநிலையின் முத்திரை. கியர் பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். எம்ஏ, எம்ஏ2 வகை ஆயிலில் அவை நன்றாகப் பிடிக்கும். எம்பி வகை ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருப்பதால் வழுக்கும். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயில் படாத உலர்ந்த இடத்தில் இருக்கிறது, அதனால் அதற்கு எம்பிதான் கொடுத்திருப்பார்கள். ஸ்கூட்டருக்கு எம்ஏ போட்டுவிட்டால் மைலேஜ் சற்றுக் குறையலாம், வேறு ஆபத்தில்லை. பைக்குக்கு எம்பி போனால் நாலாவது கியரில் மேடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. கார் ஆயிலை, அது எவ்வளவு விலையானாலும், பைக்கில் ஊற்றக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கெட்டித்தன்மை எண், ஏபிஐ, ஜாசோ இந்த மூன்றும் பொருந்தினால் செர்வோ, மேக், காஸ்ட்ரால், கல்ஃப், ஷெல், மோட்டுல் எதுவானாலும் வண்டி ஓடும். 100, 125 சிசி வண்டியில் மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண ஆயில்) சரியான கிலோமீட்டரில் மாற்றுவது, சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரிக்கும், விலை கூடிய ஆயில்) ஊற்றிவிட்டு மாற்றாமல் இழுத்தடிப்பதைவிட மேல். நீண்ட தூரம் வேகமாக ஓட்டுபவர்களுக்குச் சிந்தெடிக் பணத்துக்குத் தகுந்தது. கியர் விழுவது கடினமாகிவிட்டால், பல சமயம் ஆயில் தன் கெட்டித்தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். கியர் பற்களே அதை அரைத்துவிடுகின்றன.

மாற்றும்போது இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு, சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ட்ரெயின் போல்டைக் கழற்றுங்கள். இக்னிஷனை அணைத்து நாலைந்து முறை கிக்கர் மிதித்தால் அடியில் தங்கியதும் வடியும். போல்டுக்குப் புது வாஷர் போடுங்கள். இன்ஜின் கேஸ் அலுமினியம், அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும். டப்பா முழுவதையும் கவிழ்க்காதீர்கள். ஸ்கூட்டருக்கு என்று 800 மில்லி டப்பா விற்கிறார்கள், வடித்துவிட்டு ஊற்ற வேண்டிய அளவு அதற்கும் குறைவாக இருக்கலாம். மேனுவலில் உள்ள அளவை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும், உள்ளே ஆயில் குறைவாக இருக்கும். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைத்து, இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் போகும்.

கருத்துப்போன ஆயில் கெட்ட ஆயில் அல்ல, அழுக்கை ஏந்திக்கொண்டிருக்கும் ஆயில். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஆயிலை வடித்துப் புதிது ஊற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

காலி டப்பாவைக் கடையில் விட்டு வராதீர்கள். போலி ஆயில் அடைக்க அந்த டப்பாக்கள்தான் தேடப்படுகின்றன. அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், சேர்த்து வைத்துச் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.