செல்ஃப் மோட்டாரில் கை வைக்கும் முன்

டிசம்பர் காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. பெங்களூரில் எங்கள் அல்சூர் தெருவில் பழைய மாருதி 800 ஓட்டுபவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இப்படி ஆனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “செல்ஃப் போயிடுச்சுண்ணா.” செல்ஃப் என்றால் இன்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் மோட்டார். உடனே வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது மோட்டார் வாங்கிவிடுகிறார்கள். காசு அதிகம் வீணாவது இங்கேதான்.

பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே கதைதான். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும் அப்படித்தான். என் வண்டிக்கே ஒருமுறை புது மோட்டார் மாட்டிய பிறகும் ‘டக்’ போகவில்லை. எர்த் ஒயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் ஒரே திருப்பில் எடுத்தது. அன்று செலவான பணத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

அதனால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் முதல் சந்தேகம் பேட்டரியும் டெர்மினலும். ‘டக டக டக’ என்று விடாமல் அடித்தாலும் அதேதான். வெளிச்சம் குறையவே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), அதற்குப் போகும் மெல்லிய ஒயர், மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்தது, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

சரி, மோட்டார்தான் என்று உறுதியாகிவிட்டது. கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற மறக்கவே கூடாது. மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளில் அதற்கு நடுவே ஃபியூஸ் கிடையாது, சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும். அந்த நட்டில் வைத்த ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பானரே வெல்டிங் ஆனதுபோல் ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரம் இருந்தால் விரல் வெந்துவிடும். பாசிட்டிவை முதலில் கழற்றினாலும் இதே ஆபத்துதான். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

கீழே படுத்துத்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால், ஏற்ற இறக்கமான தெருவில் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், முட்டுக் கொடுத்த ஹாலோ பிளாக்கும் திடீரென்று நொறுங்கும். சமதளத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்து, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே உள்ளே போங்கள். மோட்டார் நல்ல கனம். கடைசி போல்ட்டை எடுக்கும்போது மறு கையால் தாங்கிப் பிடியுங்கள்.

கழற்றியதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் புதிது வாங்காதீர்கள். பல சமயம் கார்பனும், மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மாற்றினாலே சரியாகிவிடும். வாங்கத்தான் வேண்டும் என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய், முனையில் உள்ள சிறு சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, முன்னால் நீண்டிருக்கும் மூக்கின் நீளம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தரையில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் மோட்டார் துள்ளும், அதனால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது பலரும் விடுவது, மோட்டார் உட்காரும் இடத்தைத் துடைப்பது. மோட்டாரின் உடம்பு வழியாகத்தான் எர்த் திரும்புகிறது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ பெயின்டோ இருக்கக் கூடாது. மோட்டார் நுழையும் ஓட்டை வழியே, மோட்டார் பிடித்துச் சுற்றும் ஃபிளைவீல் ரிங்கின் பற்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் ஸ்பானர் வைத்து இன்ஜினை மெதுவாகச் சுற்றினால் முழு ரிங்கும் தெரியும். இன்ஜின் பெரும்பாலும் குறிப்பிட்ட சில நிலைகளிலேயே நிற்பதால் அந்த இடத்துப் பற்கள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். புது மோட்டாரும் சில வேளை ‘கர்ர்’ என்று அரைப்பதற்கு அது ஒரு காரணம். அப்புறம், தடித்த ஒயரின் நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் சாலினாய்டின் மூடி விரிசல் விட்டுவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கட்டும். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி கிளாம்ப்பின் ஸ்பானர் பக்கத்திலேயே இருக்கட்டும். சாவியை விட்ட பிறகும் மோட்டார் நிற்காமல் சுற்றினால் சாலினாய்டு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். உடனே நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.