குன்றிமணிக் கொடியை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கிறோமே, அந்தக் குன்றிமணி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருங்களை. அழகுக்காகக் கொண்டுபோன கொடி, இன்று தென்பகுதிப் பைன் காடுகளில் புதர்களை மூடிப் படர்கிறது. வீட்டுத் தோட்டங்களும் தப்பவில்லை.

பலரும் செய்யும் தவறு, காய் வெடித்த பிறகு கொடியைப் பிடித்து இழுப்பது. வெடித்த காயிலிருந்து விதை உடனே விழாது. சுருண்ட தோலில் ஒட்டிக்கொண்டே நிற்கும். ஒரு காயில் 3 முதல் 7 விதை வரை இருக்கும். ஒரு இழுப்பில் அத்தனையும் சிதறிவிடும். காய் பச்சையாக இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். பிந்திவிட்டால், கீழே தார்ப்பாய் விரித்து, கையுறை போட்டு, காய்க்கொத்துகளை முதலில் கத்தரித்துத் தடித்த பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் கொட்டினால் அங்கேயே முளைக்கும்.

கொடியை வெட்டினால் மட்டும் போதாது. இளங்கன்று ஈர மண்ணில் வேரோடு வரும். பழைய கொடியின் வேர் ஆழத்தில் அறுந்து மறுபடி துளிர்க்கும். தரையை ஒட்டி வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள் கிளைபோசேட் அல்லது ட்ரைக்ளோபைர் களைக்கொல்லியைத் தூரிகையால் அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். கலவை அளவு டப்பா லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும். தீ வைப்பது வீண், அடிவேர் பிழைத்துக்கொள்ளும். கெட்டித் தோல் என்பதால் எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைக்காது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் போய்ப் பார்த்துக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

பொறுக்கிய விதையை மணியாகக் கோக்கத் துளையிடாதீர்கள். முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். கடித்தாலோ துளைத்தாலோ உள்ளிருக்கும் அப்ரின் என்ற கொடிய நஞ்சு வெளிப்படும். அது செல்களின் ரைபோசோமை முடக்கிப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. இந்த விதையில் செய்த கைச்சங்கிலிகளை 2011 இல் பிரிட்டனில் திரும்பப் பெற்றார்கள். முழுச் சிவப்பான ஆனைக்குன்றிமணி வேறு, அது மரத்தில் காய்ப்பது. குன்றிமணியில் கறுப்புப் புள்ளி இருக்கும்.

குழந்தை விதையை மென்றுவிட்டால், "நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருப்பதுதான் மிக ஆபத்தான தவறு. வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்கப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்காமல், மிச்ச விதையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அமெரிக்காவில் நச்சு உதவி எண் 1-800-222-1222.