தாய்க் காம்பொனென்டும் சேய்க் காம்பொனென்டும்: தரவுப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலியின் திரையைக் காம்பொனென்டுகள் என்ற சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதும்போது, ஒன்று இன்னொன்றைத் தனக்குள் வைத்திருந்தால் முன்னது தாய், பின்னது சேய். தாய்க் காம்பொனென்டில் இருக்கும் தரவு சேய்க் காம்பொனென்டுக்கு ப்ராப்ஸாக (வெளியிலிருந்து கொடுக்கப்படும் மதிப்புகளாக) இறங்குவதும், சேயில் நேர்ந்த மாற்றம் ஒரு நிகழ்வாகவோ கால்பேக்காகவோ (தாய் கொடுத்த ஃபங்ஷனைச் சேய் அழைப்பதாகவோ) தாய்க்கு ஏறுவதும், இத்தகைய திரைகளை உருவாக்க உதவும் ரியாக்ட், வியூ, ஆங்குலர் மூன்றிலும் உள்ள ஏற்பாடு. ஆங்குலரில் ப்ராப்ஸுக்கு இன்புட் என்று பெயர், அவ்வளவுதான். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இது, வேலையில் இறங்கியதும் சிக்கலாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இந்தத் தரவுக்கு உரிமையாளர் யார் என்பதை முடிவுசெய்யாமலே எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

ப்ராப்ஸாக வந்த மதிப்பைச் சேய் தன் ஸ்டேட்டில் (காம்பொனென்ட் தனக்குள் நினைவில் வைத்திருக்கும் தரவில்) நகலெடுத்து வைத்துக்கொள்வதே இதில் நேரும் தவறுகளுள் மிகுந்த சேதம் விளைவிப்பது. இடப்பக்கம் வாடிக்கையாளர் பட்டியலும் வலப்பக்கம் திருத்தும் படிவமும் உள்ள ஒரு ரியாக்ட் திரையை எடுத்துக்கொள்வோம். படிவம், தனக்கு வந்த பெயரை, ஸ்டேட்டை உருவாக்கும் யூஸ்ஸ்டேட்டுக்குத் (useState) தொடக்க மதிப்பாகக் கொடுத்திருக்கிறது. பயனர் முதல் வரியைச் சொடுக்குகிறார்; பெயர் சரியாக வருகிறது. இரண்டாம் வரியைச் சொடுக்கும்போது ப்ராப்ஸ் மாறினாலும், தொடக்க மதிப்பு முதல் ரெண்டரில் (காம்பொனென்ட் திரைக்காக முதன்முறை ஓடும்போது) மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், பெட்டியில் பழைய பெயரே நிற்கிறது. அதைக் கவனிக்காமல் சேமித்தால், இரண்டாமவரின் ஐடியில் முதலாமவரின் பெயர் தரவுத்தளத்துக்குள் போய்விடும். கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட வராது.

உடனே பலருக்கும் கை போகும் இடம், ரெண்டர் முடிந்தபின் ஒரு வேலையைச் செய்யவைக்கும் யூஸ்எஃபெக்ட் (useEffect). ப்ராப்ஸ் மாறும்போதெல்லாம் நகலைப் புதுப்பித்தால் போதும் என்பது கணக்கு. அப்போதும் ஒரு ரெண்டர் பழைய மதிப்போடு ஓடி முடிந்த பிறகே புதியது வரும். அதைவிட மோசம், தாய் ஒவ்வொரு ரெண்டரிலும் வாடிக்கையாளர் விவரம் அடங்கிய ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கிக் கொடுக்கிறது என்றால், பயனர் பாதி தட்டச்சு செய்திருந்ததும் அழிந்துபோகும். படிவத்துக்கு வாடிக்கையாளரின் ஐடியையே கீயாக (ரியாக்ட் ஒரு காம்பொனென்டை அடையாளம் காணும் key) கொடுப்பது இதைவிடத் தூய்மையான வழி. ஐடி மாறியதும் ரியாக்ட் பழைய படிவத்தைக் கலைத்துவிட்டுப் புதிய ஸ்டேட்டோடு இன்னொன்றை உருவாக்கும். மொத்தத் தொகை, வடிகட்டிய பட்டியல் போலக் கணக்கிட்டே பெறக்கூடியவற்றை ஸ்டேட்டில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது, வந்த ஆப்ஜெக்டையோ அரேயையோ (மதிப்புகளின் வரிசையையோ) சேய் நேரடியாகத் திருத்துவது. ரியாக்டில் அதே அரேயில் புஷ் (push) மூலம் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதையே மீண்டும் ஸ்டேட்டாக அமைத்தால், ரெஃபரன்ஸ் (எந்த அரே என்று காட்டும் சுட்டு) மாறவில்லை என்பதால் திரையில் அது தெரிவதில்லை. இன்புட் மாறும்போது அழைக்கப்படும் ஆங்குலரின் என்ஜிஆன்சேஞ்சஸும் (ngOnChanges) இதே காரணத்தால் அழைக்கப்படாது. வியூவில் விளைவு நேர்மாறானது, எனவே இன்னும் ஆபத்தானது: ப்ராப்புக்கு வேறு மதிப்பைச் சூட்டினால் எச்சரிக்கும் வியூ, அதன் உள்ளே இருக்கும் ஒரு பண்பை மாற்றினால் பேசாமல் இருந்துவிடும். திரையும் சரியாகவே புதுப்பிக்கப்படும். பல மாதங்கள் கழித்து அந்த மதிப்பை யார் மாற்றினார்கள் என்று தேடும்போது, தாயின் குறியீட்டில் தடயமே இருக்காது. மாற்ற வேண்டியதைச் சேய் கேட்க வேண்டும், புதிய ஆப்ஜெக்டைத் தாய் உருவாக்க வேண்டும்.

கால்பேக்கில் நேரும் பிழை சிறியது, ஆனால் தொடக்கநிலையினர் பலரும் செய்வது: ஃபங்ஷனைக் கொடுப்பதற்குப் பதிலாக, அடைப்புக்குறிகளைச் சேர்த்து அதை அங்கேயே அழைத்துவிடுவது. அந்த ஃபங்ஷன் ஸ்டேட்டை மாற்றுவதாக இருந்தால், ரெண்டரே மீண்டும் ரெண்டரைத் தூண்டி, ஒரு கட்டத்தில் ரியாக்ட் பிழை காட்டி நிறுத்தும். உலாவியின் நிகழ்வு ஆப்ஜெக்டை அப்படியே மேலே அனுப்புவதும் நல்லதன்று. அனுப்பினால், சேய்க்குள் இருப்பது உள்ளீட்டுப் பெட்டியா தேர்வுப்பட்டியலா என்பதையெல்லாம் தாயும் அறிந்திருக்க வேண்டியதாகிறது.

ப்ராப்ஸை நான்கைந்து அடுக்குகள் கடத்திச் சலித்தவர்கள், எல்லாவற்றையும் ஒரே கான்டெக்ஸ்டில் (இடையிலுள்ள அடுக்குகளைத் தாண்டி நேரடியாகப் படிக்கக்கூடிய பொதுத் தரவில்) கொட்டுவதுண்டு. அதன் மதிப்பு மாறும்போதெல்லாம் அதைப் படிக்கும் எல்லாக் காம்பொனென்டுகளும் மீண்டும் ரெண்டராகும். ப்ராப்ஸ் மாறாதபோது ரெண்டரைத் தவிர்க்கும் மெமோ (memo) போட்டாலும் அது நிற்காது. தீம், உள்நுழைந்த பயனர் போல அரிதாக மாறுபவற்றுக்குக் கான்டெக்ஸ்ட் பொருந்தும். ஒவ்வொரு எழுத்துக்கும் மாறும் தேடல் பெட்டியின் மதிப்பை, பெட்டிக்கும் முடிவுப் பட்டியலுக்கும் பொதுவான மிக நெருங்கிய தாயிடம் வைப்பதே போதுமானது.